மருந்து அடிக்கும் ட்ரோன்: விதி மாறும்போது எங்கே சிக்குகிறது

ட்ரோன் வைத்து வயலுக்கு மருந்து அடித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது டேங்க் எத்தனை லிட்டர், பேட்டரி எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதைத்தான். காகிதத்தைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். மோட்டார் போனால் இரண்டு நாளில் மாற்றிவிடலாம். காகிதம் தப்பாக இருந்தால் அந்தச் சாகுபடிப் பட்டமே கைவிட்டுப் போகும்.

இந்தத் துறையில் விதிகள் வந்த வேகம் அப்படி. 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒவ்வொரு முறை பறப்பதற்கும் இணைய அனுமதி வாங்கும் வசதி ட்ரோனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றன. அனுமதி வரவில்லை என்றால் ட்ரோன் கிளம்பாது. 2021 மார்ச்சில் அதைவிடக் கடுமையான விதிகள் வந்தன. ஆறு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, ஆகஸ்ட் 25 அன்று அதைக் கழற்றிவிட்டு ட்ரோன் விதிகள் 2021 வந்தன. படிவங்கள் 25-லிருந்து 5 ஆயின, கட்டண வகைகள் 72-லிருந்து 4 ஆயின. அந்த அனுமதி வசதியும், பின்னால் அறிவிக்கும்போது ஆறு மாத அவகாசத்தோடு வரும் என்று தள்ளிவைக்கப்பட்டது. அதற்காகத் தனியாகக் காசு கொடுத்து மாட்யூல் பொருத்தியவர்களுக்கு அது சும்மா கிடக்கும் சுமை.

இப்போதைய விதியில் எடை வகை, சுமையோடு சேர்த்துத்தான். 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை ‘ஸ்மால்’. 10 லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன்கள் பலவும் 25 கிலோவை ஒட்டி அதற்குள்ளேயே நிற்பது இதனால்தான். பெரிய டேங்க் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எடை வகை மாறினால் மாடலுக்கான சான்றும் பைலட் சான்றிதழும் வேறு.

உண்மையான அடி 2022 பிப்ரவரி 9 அன்று விழுந்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதி தடை செய்யப்பட்டது. உதிரிபாகம் மட்டும் தாராளமாக வரலாம். விளைவு, உதிரிகளை வரவழைத்து உள்ளூரில் பூட்டித் தருபவர்கள் பெருகினார்கள். விலையும் குறைவு. ஆனால் அந்த மாடலுக்கு டைப் சர்டிபிகேட், அதாவது மாடலுக்கான தரச் சான்று, இல்லை. அது இல்லாமல் யூஐஎன் எனப்படும் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் இல்லாத ட்ரோனுக்கு மானியமும் கிடையாது, இன்சூரன்ஸும் சிக்கல்தான். 2021 நவம்பர் 30-க்கு முன் வாங்கிய பழைய ட்ரோன்களுக்கு ஒரு சலுகை இருந்தது. அதற்கும் ஜிஎஸ்டி கட்டிய பில்லும், ட்ரோன் இருப்பதை முன்பே அரசுத் தளத்தில் தெரிவித்து வாங்கிய ஒப்புகை எண்ணும் வேண்டும். பில் இல்லாமல் ‘கையில்’ வாங்கியவர்கள் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் டைப் சர்டிபிகேட்டின் நகலை வாங்குங்கள். கம்பெனியின் பெயர் அதில் இருந்தால் போதாது. உங்களுக்குத் தரப்போகும் மாடலின் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே கம்பெனியில் 10 லிட்டர் மாடலுக்குச் சான்று இருக்கும், அதையே சற்று மாற்றிய அடுத்த மாடலுக்கு இருக்காது. விற்பவர் ‘அப்ளை பண்ணியிருக்கோம்’ என்றால், வரட்டும், அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

பதிவுக்குப் படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய்தான். தொடக்கத்தில் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையில் செய்தோம், பிறகு பதிவு வேலைகள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாறின. பதிவு எண், ட்ரோனின் தயாரிப்பு எண்ணோடு மட்டும் இல்லாமல் ஃப்ளைட் கன்ட்ரோலர் (பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டு), ரிமோட் இரண்டின் சீரியல் எண்களோடும் கட்டப்பட்டது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கன்ட்ரோலரில் மருந்துத் தண்ணீர் இறங்கி எரிந்துவிட்டது, மெக்கானிக் வேறு ஒன்றைப் போட்டு உடனே பறக்க வைத்துவிட்டார் என்றால் வேலை முடியவில்லை. ஏழு நாளுக்குள் புது எண்ணைத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் பாலிசியில் ஒரு எண்ணும் ட்ரோனில் வேறு எண்ணும் இருக்கும். ரிப்பேர் பில்லில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பைலட் விஷயம் மட்டும் நிஜமாகவே இலகுவானது. 2022 பிப்ரவரியில் லைசென்ஸ் என்பது போய், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையம் வழியாகக் கிடைக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் வந்தது. வயது 18 முதல் 65, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, சான்று செல்லுபடி 10 வருடம். 2023 செப்டம்பர் திருத்தம் வரை பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பையன்கள் போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தே சாகுபடிப் பட்டத்தைத் தவறவிட்டார்கள். இப்போது வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று போதும். சேரும் முன் அது ‘ஸ்மால்’ வகைப் பயிற்சிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2 கிலோ வரையிலான ‘மைக்ரோ’ வகைப் பயிற்சிச் சான்றோடு மருந்து ட்ரோன் ஓட்ட முடியாது.

வான்வெளி வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை பச்சைதான், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். நாம் பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டரில் போகிறவர்கள், பிரச்சினை இல்லை. அதற்கும் உள்ளே போனால் மஞ்சள் அல்லது சிவப்பு, அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. தஞ்சாவூர், சூலூர் விமானப்படைத் தளங்கள், அரக்கோணம், உச்சிப்புளி கடற்படைத் தளங்கள் பக்கம் ஆர்டர் எடுப்பவர்கள் ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகை என்று காதில் விழுந்தால் அந்த வாரம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

மருந்துக்குத் தனி விதி. வேளாண் அமைச்சகத்தின் நடைமுறை நெறி 2021 டிசம்பரில் வந்தது, 2022 ஏப்ரலில் 477 பூச்சிமருந்துகளுக்கு ட்ரோனில் பயன்படுத்த இரண்டு வருட இடைக்கால ஒப்புதல் கிடைத்தது. ‘இடைக்கால’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள். இப்போது எது செல்லும் என்பதைச் சீசன் தொடங்கும்போது வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. அடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஊராட்சிக்கும் தகவல் போக வேண்டும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் போகும் அதே மருந்து ட்ரோனில் 10 லிட்டரில் போகிறது. தூள் மருந்து நாசிலை அடைக்கும், களைக்கொல்லி காற்றில் பக்கத்துப் பருத்திக்குப் போனால் இழப்பீடு கேட்டு வீட்டு வாசலில் நிற்பார்கள். டெல்டாவில் பரப்பை மா கணக்கில் சொல்வார்கள். மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் என்று மாற்றி எழுதி, மருந்து அளவோடு விவசாயியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

வரிக் கணக்கு பலரும் கவனிக்காதது. பயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால் ட்ரோன் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது முழுக்கச் செலவு. முன்பு கேமரா இணைந்ததா, சொந்த உபயோகமா என்பதைப் பொறுத்து 5, 18, 28 சதவீதம் என்று குழம்பிக் கிடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். 5 லட்ச ரூபாய் ட்ரோனுக்கு 18 சதவீதம் என்றால் 90,000, இப்போது 25,000. தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிக்கு மட்டும் 18 சதவீதம்தான், கொட்டேஷனில் அதைப் பிரித்துக் கேளுங்கள்.

அதே மாதம் புதிய சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவும் வெளியானது. டைப் சர்டிபிகேட் இல்லாத ட்ரோனைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் தடை, மீறினால் சிறை என்று அதில் இருந்தது. இந்த நிலையில் பழைய ட்ரோன் கைமாற்றி வாங்குகிறவர்கள் படிவம் டி-3 வழியாகப் பதிவு எண் தங்கள் பெயருக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். விற்றவர் பெயரிலேயே பறந்தால், அடுத்த விதி வரும்போது ஓடிப்போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டியது அவரிடம்தான்.