அதிகத் தவறு எழுதிய வார்டு

நிறுவனங்கள் தங்கள் தவறுகளிலிருந்து எப்படிக் கற்றுக்கொள்கின்றன, ஏன் பல நேரம் கற்றுக்கொள்ளாமலே போகின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக 14 மாதம் ஒரு மருத்துவமனையின் ஐந்து வார்டுகளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். இப்போது படிப்பு முடிந்து வேறு இடத்தில் வேலையில் இருக்கிறேன். ஆய்வேடு முறையாக அத்தியாயம் பிரித்து நூலகத்தில் இருக்கிறது, ஆனால் முதல் வருடம் நான் செய்த ஒரு பெரிய தப்பு அதில் இல்லை. அதைத் திருத்தப் போய்க் கற்றதை வைத்துத்தான் இன்றைக்கும் வேலை செய்கிறேன், அதனால் தனியாக எழுதி வைக்கத் தோன்றியது.

ஒவ்வொரு வார்டிலும் சம்பவப் படிவம் என்று ஒன்று உண்டு. மருந்து மாறிப்போனாலோ, நேரம் தவறினாலோ, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தாலோ, ஏன், விழப்பார்த்தாலும்கூட எழுதிப் போட வேண்டும். தரப் பிரிவில் உட்கார்ந்து இரண்டு வருடப் படிவங்களை எண்ணினேன். நான்கு வார்டுகளில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. ஒரு வார்டில் மட்டும் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு. முதலாண்டு அறிக்கையில் அந்த வார்டை, பெயர் சொல்லாமல், நடைமுறைகள் தளர்ந்துபோன இடம் என்று எழுதிவிட்டேன். நெறியாளர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த வார்டில் எத்தனை ராத்திரி இருந்தீர்கள்?" ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. பகலில் போய், படிவக் கட்டை வாங்கி, எண்ணி, திரும்பியிருந்தேன்.

இதில் இன்னும் உறுத்துவது என்னவென்றால், இந்தக் குழி எங்கே இருக்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். எமி எட்மண்ட்சன் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தார். நல்ல குழு என்றால் தவறு குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு. வந்த விடை நேர் எதிர்: நல்ல தலைமையும் பரஸ்பர மதிப்பும் இருந்த பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அவர் அங்கேயே நிற்காமல், எந்தப் பிரிவில் எத்தனை தவறு என்பதே தெரியாத ஓர் உதவியாளரை அனுப்பி, அங்கே ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னார். மனம்விட்டுப் பேச முடிந்த பிரிவுகளும் அதிகம் எழுதிய பிரிவுகளும் ஒன்றாகவே இருந்தன. நல்ல குழுக்கள் தவறு அதிகம் செய்யவில்லை, செய்ததை மறைக்கவில்லை, அவ்வளவுதான். 1996-ல் வந்த அந்தக் கட்டுரையை நான் வரிவரியாகக் கோடு போட்டுப் படித்திருந்தேன், அதைப் பற்றித் தேர்வில் பக்கக்கணக்கில் எழுதியும் இருந்தேன். அப்புறமும் எண்கள் கைக்கு வந்ததும் எண்களை நம்பினேன். ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் வேலை நடக்கும்போது அது நினைவுக்கு வருவதற்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி என்று இரவுப் பணிக்குப் போக ஆரம்பித்தேன்.

முதலில் போனது படிவம் குறைவாக வரும் ஒரு வார்டு. மூன்றாவது இரவில் ஒரு நர்ஸ் அலமாரியிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, ஊசியில் ஏற்றப் போகும் நேரத்தில் நிறுத்தி, திரும்ப லேபிளைப் படித்து, வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். இரண்டு குப்பிக்கும் ஒரே அளவு, ஒரே நிற மூடி. கொஞ்ச நேரம் கழித்து வந்து ஒரு குப்பி வரிசை முழுக்கப் பிளாஸ்டர் துண்டு ஒட்டி வைத்தார். படிவம் எழுதவில்லை. காலையில் பணி முடிந்து போகும்போது மெதுவாகக் கேட்டேன். "எழுதலாம். போன வருஷம் இதே குப்பிக்கு ரெண்டு தடவை எழுதினேன். எங்க போச்சுன்னே தெரியல." கோபமே இல்லாத குரல். அதற்குப் பிறகு நான் பேட்டி கண்ட பலரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

நான் படித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஆட்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்குப் பயத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்லும். பயம் இல்லாமல் இல்லை, விசாரணை வரும் என்று தயங்கியவர்களையும் பார்த்தேன். ஆனால் அந்த வார்டுகளில் பயத்தைவிட அதிகமாக நான் கண்டது சலிப்பு. எழுதினால் அது ஒரு பெட்டிக்குள் போகிறது, பெட்டியிலிருந்து ஒரு மாதாந்தர அட்டவணைக்குப் போகிறது, அட்டவணை ஒரு கூட்டத்துக்குப் போகிறது, அத்தோடு சரி. எழுதியவருக்கு ஒரு சொல்லும் திரும்பி வராது. தரப் பிரிவில் இருந்தவர்களும் சோம்பேறிகள் இல்லை, அவர்கள் ராப்பகலாக வேலை செய்வதை நானே பார்த்தேன். மேலே அனுப்புவதற்கு வழி போட்டிருந்தார்கள், கீழே அனுப்புவதற்கு யாரும் போடவில்லை.

இப்போது அந்த மூன்று மடங்கு வார்டுக்கு வருகிறேன். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை, நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி. வலது பக்கம் அதற்கு என்ன ஆயிற்று, எந்தத் தேதியில். தலைமை நர்ஸ், எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், வாரம் ஒருமுறை பணி மாறும் நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வாசிப்பார். அதே ஒரே மாதிரிக் குப்பி விவகாரம் அங்கேயும் எழுதப்பட்டிருந்தது. வலது பக்கத்தில்: மருந்தகத்தில் பேசியாயிற்று, வேறு குப்பி வாங்க இந்த வருடம் முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது, அதனால் ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்கிறோம். இதில் "முடியாது" என்ற சொல்லும் இருக்கிறதே, அதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். கேட்டது கிடைக்காவிட்டாலும் அங்கே யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை. கேட்டவரை மதித்து ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார், காரணத்தோடு சொல்லியிருக்கிறார், அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு பழைய ஆய்வுகளைத் திரும்பப் படித்தபோது எல்லாவற்றிலும் இந்தத் திரும்பு பாதையே கண்ணில் பட்டது. விமானத் துறையைப் பாருங்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514 விமானம், எப்போது எவ்வளவு தாழ இறங்கலாம் என்ற குழப்பத்தால், மலையில் மோதி அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே பாதையில், அதே குழப்பத்தால், அதே மலையை மயிரிழையில் தாண்டியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள், அங்கே எச்சரிக்கையும் விடப்பட்டது, ஆனால் அடுத்த நிறுவனத்தின் விமானிக்கு அது போய்ச் சேரவில்லை. 1976-ல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புக்கென ரகசிய அறிக்கை முறை ஒன்று தொடங்கியதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அதை நடத்துவது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு இல்லை, நாசா. படிவத்தில் பெயர் இருக்கும் துண்டைத் தேதி முத்திரையிட்டு எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்த அறிக்கைகளிலிருந்து எடுத்து மாதாமாதம் ஓர் இதழ் வருகிறது, அதன் பெயரே கால்பேக், திரும்பக் கூப்பிடுவது. முதல் தடவை இதைப் படித்தபோது பெயர் நீக்கும் ஏற்பாட்டை மட்டும் குறித்து வைத்திருந்தேன். அந்தத் துண்டு திரும்பி வருவதும் அந்த இதழும் இரண்டாவது தடவைதான் கண்ணில் விழுந்தன.

டொயோட்டா கார் ஆலைகளில், கோளாறைக் கண்ட தொழிலாளி இழுக்கும் ஆண்டான் கயிறும் அப்படித்தான். கயிறை இழுத்ததும் கார் பொருத்தும் வரிசை நின்றுவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார். அந்த வேலைக்குரிய நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால்தான் வரிசை நிற்கும். கயிறு யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம், இழுத்தால் வர ஓர் ஆள் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரீமான்ட் ஆலை 1982-ல் மூடப்பட்டு, 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக நும்மி என்ற பெயரில் திறந்தபோது, திரும்ப வந்தவர்கள் பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே. அதே கைகள்தான் முன்பைவிட மிக நல்ல கார்களைச் செய்தன. ஆனாலும் அந்த முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பல வருடம் ஆயிற்று.

கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்திலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2009-ல் முடிவு வெளியானது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அறிமுகம் செய்து பார்த்ததில், 2014-ல் வந்த ஆய்வு சொல்லிக்கொள்ளும்படியான குறைவு எதையும் காணவில்லை. அதனால் பட்டியல் பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மிச்சிகனில் 100-க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ரத்தக்குழாயில் செருகும் குழாய் வழியாக வரும் தொற்றைப் பெருமளவு குறைத்த திட்டத்திலும் ஐந்தே வேலைகள் கொண்ட பட்டியல்தான் பேர் வாங்கியது. ஆனால் அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் தொற்றுக் கணக்கு தொடர்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தது, மருத்துவமனையின் மூத்த நிர்வாகி ஒருவர் பிரிவோடு இணைக்கப்பட்டிருந்தார், பொருள் இல்லை என்றால் வாங்கித் தரக்கூடிய ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தார். பட்டியலைத் தாளில் அச்சடித்து விநியோகிப்பது ஒரு நாள் வேலை. மற்றதெல்லாம் வருடக்கணக்கு.

மேயர், ரோவன் என்ற சமூகவியலாளர்கள் 1977-லேயே சொன்னார்கள், வெளியே மரியாதை கிடைப்பதற்காக நிறுவனங்கள் சில அமைப்புகளை வைத்துக்கொள்கின்றன, உள்ளே வேலை வேறு விதமாக நடக்கிறது என்று. என் நான்கு வார்டுகளில் படிவம் அப்படி ஒரு மரியாதைக்காக இருந்தது.

பதில் வந்தாலே போதுமா என்றால், போதாது. இதை நான் மறைக்கக் கூடாது, ஏனென்றால் என் ஆய்வின் வாதத்துக்கே இது எதிராக நிற்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த கதையை சமூகவியலாளர் டயான் வாகன் பல வருடம் ஆராய்ந்தார். ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ஓ-வளையங்கள் என்ற ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது பொறியாளர்களுக்குத் தெரியும், எழுதினார்கள், பேசினார்கள், ஒவ்வொரு தடவையும் பதிலும் வந்தது: ஏற்கத்தக்க அபாயம். அப்படி ஏற்று ஏற்று, விதிமீறலாக இருந்தது வழக்கமாகிப்போனது. 2003-ல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது விசாரணைக் குழு அதே போக்கைத் திரும்பப் பார்த்தது. அதனால் சிஸ்டரின் பலகையில் வலது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். "முடியாது" என்று எழுதிய இடத்திலும் அவர் ஒரு தட்டையாவது மாற்றியிருந்தார்.

இன்றைய வேலையில் யாராவது புதிதாகக் கருத்துப்பெட்டி, ஆய்வுப்படிவம், செயலி என்று கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, இதில் எழுதுகிறவருக்கு யார், எத்தனை நாளில் பதில் சொல்வார்கள் என்று. பெரும்பாலும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. ஒரு தடவை, பதில் சொல்ல ஆள் போட முடியாது என்று தெரிந்ததும் அந்தத் திட்டத்தையே தள்ளிவைத்தோம். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன், பதில் வராத ஒரு பெட்டி இன்னும் இரண்டு வருடத்துக்கு எல்லோர் வாயையும் அடைத்திருக்கும்.

ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு தேதியைச் சரிபார்க்க அந்த வார்டுக்குப் போனேன். சிஸ்டர் தேதியைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எங்ககிட்ட இவ்வளவு கேட்டீங்களே, அது என்ன ஆச்சு?" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. 60-க்கும் மேற்பட்ட பேட்டிகள், 14 மாதக் குறிப்புகள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்ப யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை.

அந்த வாரமே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியாக, கலைச்சொல் எதுவும் இல்லாமல், யாரையும் அடையாளம் காட்டாமல் இரண்டு பக்கம் எழுதினேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, படிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டர் ஒட்டிய நர்ஸ் தன் பக்கங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சிஸ்டர் நின்றுகொண்டே படித்தார். பாதியில் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். பலகையைத் தலைமை நர்ஸ் தொடங்கினார் என்று எழுதியிருந்தேன். அதைத் தொடங்கியது அவர் இல்லையாம், இரவுப் பணியில் இருந்த ஒரு வார்டு உதவியாளராம், இவர் வாசிக்க மட்டும்தான் ஆரம்பித்தாராம். அந்த உதவியாளரை நான் ஒரு தடவைகூடப் பேட்டி கண்டதில்லை. அடுத்த வாரம் அவரோடு இரண்டு மணி நேரம் பேசினேன், நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன்.