தோசைக்கல்லில் ஜப்பான்

ஜூன் 7, சனி

அட்லாண்டாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் மகனுக்கு வியாசர்பாடி வெயில் பழகிவிட்டது, கொசுவும் பழகிவிட்டது. நூடுல்ஸ் ஏக்கம் மட்டும் தீரவில்லை. அங்கே ஜப்பானிய ஸ்டேக் கடைகளில், நம் கண்ணெதிரே இரும்புத் தகட்டில் புரட்டித் தருவார்களாம். வெங்காய வளையங்களை அடுக்கி, நடுவில் எண்ணெய் ஊற்றி எரிமலை காட்டுவார்களாம். "அந்த ஹிபாச்சி நூடுல்ஸைச் செய்து தாருங்கள், அத்தை" என்றான்.

வெண்ணெய், பூண்டு, சோயா சாஸ், பழுப்புச் சர்க்கரை, எள். இவ்வளவுதானே என்று நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே வாணலியில் போட்டேன். களி. பையன் மறுபேச்சில்லாமல் தின்று முடித்தான். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய பிழைகள்: வடித்த ஈரத்தோடு நூடுல்ஸைக் கொட்டினேன். வாணலி குளிர்ந்தது, ஆவி கிளம்பியது, வதங்க வேண்டியது வெந்தது. பூண்டோடு சர்க்கரையையும் போட்டதால் இரண்டும் கருகின. சோயாவிலேயே உப்பு இருக்கும்போது உப்பு வெண்ணெய் வேறு.

இன்னொன்றும் படித்தேன். ஹிபாச்சி என்பது ஜப்பானில் குளிர்காயும் கரி அடுப்பு. தகட்டில் சமைப்பதன் பெயர் தெப்பன்யாக்கி. தெப்பன் என்றால் இரும்புத் தகடு. கோபே நகரின் மிசோனோ உணவகம் 1945-இல் தொடங்கிவைத்தது. 1964-இல் ராக்கி அயோக்கி என்பவர் நியூயார்க்கில் பெனிஹானாவைத் திறந்து, அதை அமெரிக்கர்களின் வேடிக்கையாக்கினார்.

1964 என்றதும் மாமியார் நிமிர்ந்தார். ரங்கூனில் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட வருடம் அது. அவருடைய அப்பாவின் மளிகைக் கடையும் அதில் போனது. பிறகு கப்பல், பிறகு வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பி.வி. காலனி. "நூடுல்ஸை ஏன் அடுப்பில் ஏற்றுகிறாய்? கையால் பிசைந்தால் போதாதா?" என்றார். கையால் பிசையும் பர்மா நூடுல்ஸான அத்தோ வளர்த்த நாக்கு.

இரும்புத் தகடு என்றால் நம் தோசைக்கல்தானே! மாமியாரின் முப்பது வருடக் கல். கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

உப்பில்லாத வெண்ணெய் வாங்கியாகிவிட்டது. பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை. ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, வாசனையே வேறு. நம் நல்லெண்ணெய் அதற்கு ஈடாகாது. எள்ளைக் கூடுதலாக வறுத்துச் சரிக்கட்டலாம்.

ஜூன் 14, சனி

கல் கிடைத்தது. "சோப்பு மட்டும் போடாதே" என்ற ஒரே நிபந்தனையோடு.

நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் வடித்து, ஒரு கரண்டி எண்ணெயில் பிசறி, மின்விசிறிக்கு அடியில் தாம்பாளத்தில் அரை மணி நேரம் பரப்பி வைத்தேன். இருவருக்கு 200 கிராம். கல் புகையும் வரை காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஆறு பல் பூண்டு. பூண்டு நிறம் மாறும் முன் நூடுல்ஸ். தொடாமல் ஒரு நிமிடம் விட்டால் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகிறது. அந்த ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொள்வதுதான் கடினம். பிறகு இரண்டு மேசைக்கரண்டி சோயாவில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இன்னொரு கரண்டி வெண்ணெய், எள். ஐந்தே நிமிடம். அடுத்த இருவருக்குத் தனியாக மறு ஈடு.

இரண்டு தோசைத் திருப்பிகளைக் கையில் வாங்கிய பையன் கடைக்காரரைப் போலவே தாளம் தட்டினான். தரைக்குக் கொஞ்சம் போனது. மிச்சத்தை உண்ணும்போது பேச்சே இல்லை.

மாமியார் தன் தட்டில் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் பொரித்த வெங்காயமும் போட்டுப் பிசைந்தார். "இப்போது பரவாயில்லை" என்றார். பையன் எட்டி அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தான். பிறகு இன்னொரு வாய்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் தோசை எழும்பவில்லை. சோயாவும் சர்க்கரையும் கல்லின் பதத்தை உரித்துவிட்டன. மாமியார் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் பேசவில்லை. நான்காவது தோசையும் பிய்ந்தது.