பிடி உயரம்: செப்டம்பர் மாதக் குறிப்புகள்

செப்டம்பர் 10, 2025

நான் கோலூன்றித் தாண்டுதல் பயிற்றுவிக்கும் மாணவி ஒருத்தி, கீழ்முனையிலிருந்து 3.60 மீட்டரில் கோலைப் பிடித்து 3.20 மீட்டரைத் தாண்டிவந்தவள், இன்று என்னிடம் கேட்காமலேயே கையைப் 15 சென்டிமீட்டர் மேலே ஏற்றிக்கொண்டாள். கோல் நன்றாக வளைந்து எழுந்தது. ஆனால் செங்குத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே தயங்கி நின்று, அவளை ஓடுபாதையின் பக்கமே இறக்கிவிட்டது. மூன்று முயற்சிகளிலும் அப்படியே. பாதங்களில் இறங்கியதால் அடி எதுவும் படவில்லை என்றாலும் எனக்கு நெஞ்சு பதறியது. “உயரத்தில் பிடித்தால் உயரம் தாண்டலாம்தானே, சார்?” என்றாள். பாதி உண்மையான கேள்வி. ஆகையால் எண்களோடு பதில் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 11

கடைசி 5 மீட்டரை அவள் 0.70 நொடியில் கடக்கிறாள். அதாவது நொடிக்கு 7.1 மீட்டர். அந்த வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) வகுத்தால் 2.6 மீட்டர் வருகிறது. இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக மாறினால் அவளுடைய ஈர்ப்பு மையம் அவ்வளவு உயரும். கைகளின் உந்தலும் உடலைச் சுருட்டி எழுப்பும் வலிமையும் அதனோடு சேரும். இந்தக் கணக்கில் கோலின் நீளம் எங்குமே வரவில்லை என்பதை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடி உயரம் வேறொரு இடத்தில் கணக்குக் கேட்கிறது. பெட்டியில், அதாவது ஓடுபாதையின் முடிவில் கோலை ஊன்றும் குழியில், ஊன்றிய முனையை அச்சாகக் கொண்டு உடல் சுழலும்போது, நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு) தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. 3.60 மீட்டர் 3.75 ஆனால் அது 8 விழுக்காட்டுக்கும் சற்று மேலே கூடிவிடும். அதே வேளையில், வளைவதை எதிர்க்கும் கோலின் விசை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 130 பவுண்டு எடையுள்ளவருக்கு ஏற்றது என்று முத்திரையிட்ட அவளுடைய கோல், நேற்று அவள் கையில் 120 பவுண்டுக் கோலைப் போல நடந்துகொண்டது. சுழற்றவேண்டிய சுமை கூடிற்று, கோலோ இளகிப்போயிற்று, ஓட்டத்தின் வேகம் மட்டும் மாறவில்லை.

செப்டம்பர் 16

நேற்று டோக்கியோவில் ஸ்வீடன் வீரர் டுப்ளாண்டிஸ் மூன்றாம் முயற்சியில் 6.30 மீட்டரைத் தாண்டினார். மாணவர்களோடு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோல் அவரை வில்லைப் போல எறிகிறது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கண்ணாடியிழைக் கோல் தானாக ஆற்றல் எதையும் தருவதில்லை. வாங்கியதை வைத்திருந்து, சிறிது இழந்து, திருப்பிக் கொடுக்கிறது. அதன் பெரிய உதவி வேறு: வளையும்போது கைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவு குறைகிறது, சுழற்றுவது கடினமாயிருக்கும் தொடக்கத்தில் கோல் குட்டையாகி, செங்குத்தை நெருங்கும்போது முழு நீளத்துக்கு நிமிர்கிறது. வளையாத கோலுக்கு இந்த வசதி கிடையாது. மூங்கில் கோலோடு 1942-இல் 4.77 மீட்டரைத் தாண்டிய கார்னீலியஸ் வார்மர்டாமின் சாதனை 15 ஆண்டுகள் நின்றது என்றால், அவருடைய ஓட்டத்தையும் உடல் வலிமையையும் எப்படி மெச்சாமல் இருப்பது!

தரையை விட்டு எழும்பியபின் மேல் கையை மேலே நகர்த்த விதி இடம் தருவதில்லை. எனவே பிடி ஓடுபாதையிலேயே முடிவாகிவிடுகிறது. 5 மீட்டரில் பிடிப்பவரின் கை, பெட்டியின் 20 சென்டிமீட்டர் ஆழம் போகத் தரையிலிருந்து 4.80 மீட்டரில்தான் இருக்கும். அவர் 6 மீட்டரைத் தாண்டினால் 1.20 மீட்டர் கைக்கு மேலே ஈட்டியது. என் மாணவிக்கோ கை 3.40 மீட்டரில், தாண்டியது 3.20 மீட்டர், கையின் உயரத்தைக்கூட அவள் இன்னும் எட்டவில்லை.

செப்டம்பர் 19

புறப்படும் பாதம் மேல் கைக்கு நேர்கீழே இருக்க வேண்டும். அவள் அதைப் பெட்டியை நோக்கி 25 சென்டிமீட்டர் உள்ளே ஊன்றுகிறாள். ஓட்டத் தொடக்கக் குறியைப் பின்னே தள்ளி, பிடியை 3.60 மீட்டருக்கே இறக்கினோம். 3.30 மீட்டரைத் தாண்டினாள்.

செப்டம்பர் 27

கடைசி அடிகள் இப்போது முறிவதில்லை. கைபேசியின் மெதுவோட்டக் காட்சியில் கடைசி 5 மீட்டருக்கு 0.69 நொடி ஆகிறது. அந்த ஒரு நூறில் ஒரு பங்கு நொடி, கணக்குப்படி 8 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சமம். பிடிக்கவேண்டிய இடத்தைக் காட்டக் கோலில் 3.65 மீட்டரில் நாடா சுற்றிக் கொடுத்தேன். இரண்டு தாவல்களிலும் மெத்தையின் நடுவில் இறங்கினாள். அடுத்த நாடாவை எப்போது சுற்றுவீர்கள் என்று கேட்டாள்; 0.68 வரட்டும் என்றேன்.