ஏறுவதற்கு முன் ஒரு கால் மணி நேரம்

இந்த விடுமுறையில் பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், குதிரை ஏற வேண்டும். பத்து நிமிடம் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்து இறக்கிவிடுகிற சவாரி இல்லை, காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம், கடிவாளத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு போகிற சவாரி. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. நாங்கள் தங்கியிருந்த பக்கத்தில் அப்படி இரண்டு லாயங்கள் இருந்தன. முதல் லாயத்தில் ஏறாமலே திரும்பிவிட்டோம், மறுநாள் இரண்டாவதில் ஏறினோம்.

முதல் லாயத்தில் மகள்தான் அதைப் பார்த்தாள். ஏழெட்டுக் குதிரைகளைச் சேணத்தோடு வெயிலில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். அவள் ஒன்றின் தோள் பக்கமாக நின்று பிடரியைத் தடவிக்கொண்டிருந்தவள், "அம்மா, இங்கே பாரேன்" என்றாள். பிடரி முடிகிற மேட்டில், சேணத்தின் விளிம்புக்குக் கீழே, ஐந்து ரூபாய்க் காசளவுக்குத் தோல் உரிந்து சிவப்பாக ஈரமாக இருந்தது, ஈக்கள் மொய்த்தன. அதைச் சுற்றிப் பழுப்பு முடிக்கு நடுவே வெள்ளை முடித் திட்டுகள். சேணம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண்ணாகி ஆறினால், அந்த இடத்தில் முடி பெரும்பாலும் வெள்ளையாகத்தான் முளைக்கும், நிறத்தைத் தருகிற செல்கள் செத்துப்போய்விடும். ஆக இது முதல் புண் இல்லை. ஆறிய புண்ணின் மேலேயே மறுபடியும் சேணம் ஏறியிருக்கிறது.

அங்கிருந்தவரிடம் கேட்டேன். பழைய காயம், ஒன்றும் செய்யாது, கீழே கம்பளம் போட்டிருக்கிறோம் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் என்று கேட்டதற்கு, ஆள் வருகிறதைப் பொறுத்து என்றார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், அடியில் காய்ந்த பாசிதான் இருந்தது. ஒரு குதிரை நாளைக்குச் சாதாரணமாக 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகமாக. நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு கூட்டம் திரும்பி வந்து இறங்கியது, சேணத்தைக் கூடத் தளர்த்தாமல் அதே குதிரைகளில் அடுத்த கூட்டத்தை ஏற்றினார்கள். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டோம். மகன் வழியெல்லாம் அழுதான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் புண்ணின் மேல் அவனை உட்கார வைத்திருந்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

நாய்க்கு வலித்தால் பெரும்பாலும் கத்தும், குதிரை அப்படிக் கத்துவது குறைவு. வேட்டையாடப்படும் விலங்கு அது, வலியைக் காட்டிக்கொண்டால் புலிக்கும் ஓநாய்க்கும் தன்னை அடையாளம் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்பதால் மறைத்துக்கொள்ளவே அதன் உடம்பு பழகியிருக்கிறது. அதனால்தான் "பாவம், எவ்வளவு சாதுவாக நிற்கிறது" என்று நாம் நினைக்கிற குதிரை பல சமயம் வலியில் அடங்கிப்போய் நிற்கிற குதிரையாக இருக்கும். காது இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் தொங்கி, கண் எதையும் பார்க்காமல், பக்கத்தில் ஆள் வந்தாலும் திரும்பாமல் நின்றால் அது ஓய்வா சோர்வா என்று கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்பது வேறு, அது சுகமான ஓய்வு. நின்றபடியே கண்ணயரக் குதிரையால் முடியும். ஆனால் முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டோ முன்னே நீட்டிக்கொண்டோ நின்றால் அந்தக் குதிரையில் ஏறாதீர்கள்.

இரண்டாவது லாயத்தில் நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பாதிக் குதிரைகள் சேணம் இல்லாமல் நிழலில் நின்று புல் தின்றுகொண்டிருந்தன, அன்றைக்கு அவற்றின் முறை இல்லையாம். எங்களைக் கூட்டிப்போனவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். முதலில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார், எல்லோரையும். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் கணக்கு, பரவலாகப் பலரும் சொல்கிற கணக்கும் அதுதான். அங்கே இருந்ததில் பெரிய குதிரையே 450 கிலோ, அதாவது மொத்தம் 90 கிலோ வரை சுமக்கலாம். என் கணவர் மட்டுமே 96. முடியாது என்று அந்த அம்மா நேராகச் சொல்லிவிட்டார், சிரிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. கணவர் முகம் ஒரு நிமிடம் வாடியது. அப்புறம், "சரி, நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்றார். காசு தருகிற ஆளைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் பிள்ளைகளை நம்பி விடலாம் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

மகன் செருப்போடு வந்திருந்தான். குதிகால் வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். குதிகால் இல்லாத செருப்பென்றால் கால், சேணத்திலிருந்து தொங்குகிற கால் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும், விழுந்தால் வெளியே வராது, குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அங்கவடியில் வைத்து, குதிகாலைக் கீழே அழுத்த வேண்டும் என்று நாலு தடவை சொல்லிக் காட்டினார். ஹெல்மெட் நாலைந்து அளவு போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டச் சொன்னார், அசைந்தால் வேறு. இடது பக்கமாக ஏறுவது ஏன் என்று மகள் கேட்டாள். அந்தக் காலத்தில் வாள் இடது இடுப்பில் தொங்கும், வலது பக்கமாக ஏறினால் வாள் காலில் சிக்கும், அந்தப் பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது என்றார். ஏறுவதற்கு ஒரு மரப்படி வைத்திருந்தார்கள், ஏறத் தெரியாதவர்களுக்கு என்று நினைத்திருந்தேன். இல்லையாம், தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டுக் குதிரையின் முதுகெலும்பைத் திருகும், அதனால் அவரும் படியில்தான் ஏறுகிறார். கிளம்பிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தி வயிற்றுவாரை மறுபடி இறுக்கினார், முதலில் வார் கட்டும்போது பல குதிரைகள் நெஞ்சை உப்பிக்கொள்ளும், நடந்ததும் வார் தளர்ந்துவிடும்.

பாதை அழகாக இருந்தது, மரநிழல், நடுவே ஒரு சின்ன ஓடை. ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது என் குதிரையின் காதுகள்தான். ஒரு மணி நேரம் கண்ணுக்கு நேரே அதுதான் தெரியும். ஒரு காது முன்னால், ஒரு காது என் பக்கம், நான் பேசினால் திரும்பும், மகன் பின்னாலிருந்து கத்தினால் அந்தப் பக்கம் சாயும். ஒரு திருப்பத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று புதரில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது, குதிரை சட்டென்று நின்றுவிட்டது. காலால் தட்டப் போனேன். வேண்டாம், அது பார்க்கட்டும் என்றார் அந்த அம்மா. தலையைத் தூக்கியது, இறக்கியது, மூக்கால் ஊதியது. குதிரைக்குக் கண் தலையின் பக்கங்களில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் தெரியாது, அதனால்தான் பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்த் தொடக் கூடாது. அரை நிமிடத்தில் தானாகவே பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தது. அந்த மூச்சில் அதன் விலா விரிந்து அடங்கியது என் இரண்டு காலிலும் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

இறக்கத்தில் லேசாகப் பின்னால் சாய வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிந்து பிடரி முடியைப் பிடித்துக்கொண்டு கடிவாளத்தைத் தளர்த்திவிட வேண்டும், மேடு ஏறும்போது குதிரை தலையை முன்னே நீட்ட வேண்டும். மகனின் குதிரை பத்தடிக்கு ஒருதரம் புல்லுக்குக் குனிந்தது. உடம்புக்குக் குதிரையின் இரைப்பை சிறியது, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்கென்றே ஆனது, சும்மா விட்டால் பதினாறு மணி நேரம் கூட மேயும். இவன் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க, அது இன்னும் குனிய, ஒரு கட்டத்தில் கடிவாளம் அவன் கையை விட்டே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா அவனைத் தனக்குப் பின்னாலேயே வரச் சொல்லிவிட்டார்.

அங்கேயும் ஒரு குறை உண்டு. ஒன்பது பேர் வரிசையாகப் போனோம், முன்னே ஒருவர், பின்னே ஒருவர். ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டுப் போனால் வரிசை மிக நீளம், நடுவில் இருப்பவர்களுக்கு என்ன ஆனாலும் உடனே தெரியாது. ஆறு பேர் போதும். அந்த அம்மாவிடமும் சொன்னேன், யோசிக்கிறோம் என்றார்.

திரும்பி வந்தபோது என் கணவர் லாடம் அடிப்பவர் பக்கத்தில் குந்தியிருந்தார், ஒரு மணி நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். குளம்பின் ஓரம் நம் நகம் மாதிரி, ஆணி அங்கே மட்டும்தான் போகும், வலிக்காது, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவ வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். சீவிப் போட்ட குளம்புத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

பிள்ளைகள் உடனே கிளம்ப மறுத்துவிட்டார்கள். சேணத்தைக் கழற்றும்வரை இருக்கட்டும் என்று அந்த அம்மாவும் சொன்னார். கழற்றியதும் முதுகில் சேணத்தின் வடிவத்திலேயே வேர்வை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இப்படிச் சமமாக ஈரமாக இருந்தால் சேணம் பொருந்தியிருக்கிறது, ஈரத்துக்கு நடுவே ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்று மகளிடம் காட்டினார். அவள் கையை வைத்துப் பிடரி மேட்டிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்தாள், எங்கேயும் புண் இல்லை. பிறகு வேலிக்குள் விட்டார்கள். மகனின் குதிரை நேராக மண்ணுக்குப் போய், முன்னங்காலை மடக்கி, பொத்தென்று சாய்ந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. எழுந்து ஒரே உதறல், புழுதியெல்லாம் எங்கள் மேல். மகன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கத்தினான். அது போய்த் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது.