இரண்டாவது குழி

"மண்ணாவே இருந்தாலும் அள்ளுனவன் பேரு மாறாதே சார்" என்றார் அந்த அம்மா. இரட்டைக்குழிக் கழிப்பறையின் வரைபடத்தைத் திண்ணையில் விரித்து, "அஞ்சு வருஷத்துல ஒரு குழி ரொம்புனதும் மூடிப் போட்டீங்கன்னா, ரெண்டு வருஷத்துல உள்ளே காஞ்ச மண்ணுதாம்மா இருக்கும், வாடைகூட வராது" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். அவர் ஆளைப் பற்றிக் கேட்டார். நான் மறுபடியும் மண்ணைப் பற்றியே பேசினேன்.

வரைபடத்தில் தப்பில்லை. ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டுக்கு, ஒரு மீட்டர் அகலமும் அதற்குச் சற்றுக் கூடுதலான ஆழமும் உள்ள இரண்டு குழிகள். நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் மண். சுவரில் வரிசை விட்டு வரிசை ஓட்டை, அடியில் தளம் கிடையாது. நீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விடும். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சின்னத் தொட்டியில் இரண்டாகப் பிரியும். அதில் ஒரு வாயைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். முதல் குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றினால் போதும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு வருஷத்தில் உதிரியாகிவிடும்.

கெடுவது பெரும்பாலும் அந்தத் தொட்டியில்தான். "ரெண்டும் ஓடட்டும், சீக்கிரம் ரொம்பாது" என்று கொத்தனார் இரண்டு வாயையும் திறந்தே விட்டுவிடுவார். இரண்டும் ஒன்றாக நிறையும், எதுவும் காயாது. குளிக்கிற தண்ணீரையும் இதிலேயே திருப்பிவிட்டால் சோப்பு படிந்து மண் உறிஞ்சாமல் போகும். இதையெல்லாம் கொத்தனாரிடம் நின்று பேசித் திருத்திவிடலாம்.

அழுக்கு என்பது இடம் மாறிக் கிடக்கும் பொருள் என்பது மேரி டக்ளஸ் முன்வைத்த மானிடவியல் பார்வை. அதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பொருளின் தன்மை மாறினால் தீட்டும் போய்விடும் என்று நானாகவே ஒரு படி தாண்டிக்கொண்டேன். நம் ஊர்த் தீட்டு அள்ளியவர் மேல் ஏறிக்கொண்டு அவர் பிள்ளைகள்வரை இறங்குகிறது. அள்ளிய மண்ணுக்கு உரம் என்று பெயர் வைத்தாலும் அது போய்விடாது.

அந்த வீட்டார் கேட்டது, அள்ளும் பேச்சே வராதபடி 10 உறை இறக்கிய ஒற்றைக் குழி. உறை என்பது ஓர் அடி உயர வளையம். அங்கே மழைக்காலத்தில் கிணற்று நீர் தரையிலிருந்து 14 அடி ஆழம்வரை ஏறிவரும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டராவது வேண்டும். பேசிப் பேசி 6 உறையில் நிறுத்தினேன். அகலத்தை அதிகமாக்கினேன். அந்த முடிவுக்கு என்னிடம் காரணம் இருக்கிறது. குழி சின்னது என்று பயந்தால் பெண்கள் மட்டும் கழிப்பறைக்குப் போவார்கள், ஆண்கள் காட்டுக்கே போவார்கள். பெரிய குழி என்றால் வீடே பயன்படுத்தும்.

மக்களைக் கேட்டு வடிவமை என்கிறோம். கேட்டேன். அவர்கள் சொன்னதில் சாதியும் இருந்தது. அதற்கும் சேர்த்தே உறை இறக்கிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சும் என்றார்கள். தெரு 7 அடி, லாரி முனையில்தான் நிற்கும். குழாய் எட்டினாலும் அடியில் இறுகியது வராது. ஆள் இறங்க வேண்டியிருக்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. இருந்தும் யாரைக் கூப்பிடுவார்கள் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நானே ஒரு குழியைத் திறந்து அள்ளிக் காட்டியிருக்கலாமோ? 2017இல் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மத்திய அரசுச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் அவர் பெயர் கெடவில்லை, இன்னும் உயர்ந்தது. நான் அள்ளியிருந்தாலும் சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வந்திருப்பேன். அந்த அம்மாவின் மகன் அங்கேயேதான் இருப்பான்.

மனசு கேட்காமல் தொட்டியை மட்டும் இரண்டு வாயோடு கட்டச் சொன்னேன். என்றைக்காவது பக்கத்தில் இன்னொரு குழி வெட்ட நினைத்தால் குழாயைச் சொருக வேண்டியதுதான் பாக்கி. அடுத்த முறை போனபோது அதன் மூடி மேல் துவைக்கிற கல் போட்டிருந்தார்கள்.