டிமென்ஷியா உள்ளவர் குளிக்க மறுக்கும்போது

டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்திக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மறதி நோய், உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, சாப்பாட்டையும் மாத்திரையையும் விடக் குளிப்பாட்டுவதுதான் பெரும்பாடு. "இப்பத்தானே குளிச்சேன்" என்பார். குளித்து நான்கு நாள் ஆகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவர் நினைவில் அப்படித்தான் இருக்கிறது. நாம் வற்புறுத்தினால் கத்துவார், சில சமயம் கையையும் ஓங்குவார். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர், வலி, பயம், கூச்சம் இவற்றில் ஏதோ ஒன்று அவரைப் படுத்துகிறது. எது என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை.

வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து, அடியில் இருக்கும் கொழுப்பும் குறைந்துபோகும். உடுப்பைக் கழற்றிய நொடியே நடுக்கம் எடுக்கும். தோள் மூட்டு தேய்ந்தவருக்கு, சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினாலே உயிர் போகும். பார்வையும் மாறுகிறது. கண் நன்றாக இருந்தாலும், ஆழத்தைக் கணக்கிடும் திறனை மூளை இழக்கலாம். பளபளக்கும் தரை தண்ணீராகத் தெரியும், கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தெரியும். கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தன் முகம் என்று அடையாளம் காணாமல், யாரோ உள்ளே நிற்பதாக நினைத்து மிரள்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவே இன்னொருவர் வந்து துணியை உருவினால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலில் தினமும் தலையோடு குளிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். முகம், கைகள், அக்குள், இடுப்புக்குக் கீழே இவற்றைத் தினமும் சுத்தம் செய்தால், முழுக் குளியல் வாரத்துக்கு 2 முறை போதும். சிறுநீரோ மலமோ பட்டால் மட்டும் உடனே கழுவியாக வேண்டும். தலைக்கு வாரம் ஒரு முறை போதும், அதையும் வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் பலருக்கும் பயம் உச்சத்துக்குப் போகிறது. அந்தப் பயத்தை முழுக் குளியலோடு முடிச்சுப்போட வேண்டாம்.

அவரை அழைப்பதற்கு முன்பே குளியலறை தயாராகிவிட வேண்டும். துண்டு, மாற்று உடுப்பு, சோப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதிக் குளியலில் துண்டெடுக்க வெளியே ஓடினால், அந்த அரை நிமிடத்தில் அவர் எழுந்து வழுக்கி விழக்கூடும். கால்களில் ரப்பர் பதித்த, முதுகு சாயும் நாற்காலி ஒன்று வேண்டும். சுவரில் திருகி இறுக்கிய பிடிகம்பி வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டவைக்கும் கம்பியை நம்பாதீர்கள், ஆளின் எடை விழுந்தால் கையோடு வந்துவிடும். கம்பியும் நாற்காலியும் சுவரிலிருந்து தனித்துத் தெரியும் நிறத்தில் இருந்தால்தான் அவர் கண்ணுக்குப் படும். உட்புறத் தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள், அல்லது வெளியிலிருந்து திறக்கும் பூட்டாக மாற்றுங்கள். ரேசர், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பானம் என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்மையானது. கண்ணாடியைக் கண்டு மிரள்பவர் என்றால் அதன்மேல் ஒரு துணியைத் தொங்கவிடுங்கள்.

தண்ணீர் 37 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். வாளியில் கலக்குவதானால் முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள், விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரி நீர் ஐந்தே நொடியில் ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும், வயதானவரின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படாது. சுடுகிறது என்று உணர்ந்தாலும் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றாத நிலையில் அவர் இருக்கலாம். அறையையும் முன்கூட்டியே சூடாக்குங்கள். உங்களுக்கு லேசாகப் புழுங்கினால் அவருக்குச் சரியாக இருக்கும்.

மூட்டுவலிக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், அதைக் குளியலுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றமே சண்டையைக் குறைத்துவிடும்.

கூப்பிடும் விதமும் முக்கியம். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "வாங்கப்பா, வெந்நீர் ரெடி, காலுக்கு இதமா இருக்கும்" என்று சொல்லிக் கையைப் பிடித்தபடி நடக்கலாம். வாழ்நாளெல்லாம் விடியலில் குளித்தவரை மாலையில் அழைக்காதீர்கள், உடம்பு பழகிய நேரம்தான் துணைக்கு வரும். நாற்றம் அடிக்கிறது, எத்தனை நாள் ஆச்சு என்றெல்லாம் சொல்வது அவரைக் கூனிக்குறுக வைக்கும், குளிக்க வைக்காது. உறுதியாக மறுத்தால் விட்டுவிட்டு 20 நிமிடம் கழித்து வாருங்கள். அதற்குள் மறுத்ததையே அவர் மறந்திருக்கலாம்.

உட்கார வைத்ததும் தோளைச் சுற்றி ஒரு பெரிய துண்டும் மடியில் ஒரு துண்டும் போடுங்கள். அவை கடைசிவரை இருக்கட்டும், நனைந்தாலும் பரவாயில்லை. கழுவும் இடத்தை மட்டும் விலக்கிவிட்டு மூடிக்கொண்டே போனால் குளிரும் கூச்சமும் ஒருசேரக் குறையும். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். முகம் கடைசி, அதையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கைஷவர் இருந்தால் குறைந்த வேகத்தில், உடம்பை ஒட்டிப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம்: "இந்தக் கையைக் கொடுங்க." அவர் செய்து முடித்த பிறகே அடுத்தது. ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இருவர் இரு பக்கமும் பேசினால் அவர் குழம்பிப்போவார்.

சிலர் குழாயையோ உங்கள் மணிக்கட்டையோ பிடித்தால் விடமாட்டார்கள். விரல்களைப் பிரித்து இழுத்தால் பிடி இன்னும் இறுகும். உள்ளங்கையில் சுருட்டிய சிறு துண்டைக் கொடுங்கள், கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும். அமெரிக்கத் தொழில்வழி சிகிச்சையாளர் டீப்பா ஸ்னோ பரவலாக்கிய முறை ஒன்றும் இங்கே உதவும். குளிப்பவரின் உள்ளங்கைக்குக் கீழே உங்கள் உள்ளங்கையை வைத்துக் கட்டைவிரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல்கள் துணியைப் பிடித்துத் தேய்க்கும், அவர் கை மேலே சேர்ந்து அசையும். தானே தேய்த்துக்கொள்வது போன்ற உணர்வு அவருக்கு இருப்பதால் எதிர்ப்பு தணிகிறது.

இத்தனையும் செய்து பலிக்காவிட்டால், படுக்கையிலேயே ஈரத்துண்டால் துடைத்துவிடும் துண்டுக் குளியல். இது இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த டிமென்ஷியா உள்ளவர்களிடம், அவரவர் விருப்பத்துக்கு ஏற்ற ஷவர் குளியலில் தாக்கும் செயல்கள் 53 சதவீதமும் துண்டுக் குளியலில் 60 சதவீதமும் குறைந்தன. தோலில் நோய்க்கிருமிகளும் கூடவில்லை.

அலசத் தேவையில்லாத சோப்புத் திரவத்தை, அதன் புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி சுமார் 2 லிட்டர் வெந்நீரில் கலக்குங்கள். துண்டு சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இந்த நீர் 40 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கலாம். வழக்கமான சோப்பு கூடாது, தோலில் தங்கி அரிப்பைக் கொடுக்கும். ஒரு பெரிய துண்டையும் இரண்டு மூன்று சிறு துண்டுகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, நீரை ஊற்றிப் பிசைந்து பிழியுங்கள். சொட்டக் கூடாது, ஆனால் நல்ல ஈரம் இருக்க வேண்டும். சூட்டைச் சோதித்த பிறகு, போர்த்தியிருக்கும் போர்வையை விலக்க விலக்க ஈரத்துண்டு அந்த இடத்தை மூடும்படி விரியுங்கள். அதன் மேலாகவே பிடித்துவிடுவதுபோல் தேயுங்கள். முகத்துக்கு ஒன்று, மறைவிடத்துக்கு வேறொன்று. பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு. தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தால் பலருக்கும் நிம்மதியாக இருக்கும்.

பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். மாற்றித் துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். ஆண்களுக்கு முன்தோலை வலிக்காத அளவு பின்தள்ளிக் கழுவினால், மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்படியே விட்டால் வீங்கி இறுகி அவசர சிகிச்சை தேவைப்படலாம்.

ஈரம் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மார்பகத்துக்கு அடியில், தொடை இடுக்கில், விரலிடுக்குகளில் ஈரம் தங்கினால் பூஞ்சைப் புண் வரும். பவுடரைக் கொட்டினால் ஈரத்தில் கட்டிபட்டு உராயும். அப்போதே குதிகால், வால் எலும்புப் பகுதி, இடுப்பெலும்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் அது வெளுத்து மீள வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இதுவரை ஒத்துழைத்தவர் திடீரென்று ஒன்றிரண்டு நாளில் குளிக்க மறுத்து, கூடவே அதிகக் குழப்பம், மந்தம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்றும் தெரிந்தால், அதை டிமென்ஷியாவின் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, கண்ணில் படாத எலும்பு முறிவு, புதிதாகத் தொடங்கிய மருந்து எல்லாமே இப்படித்தான் வெளிப்படும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நேரத்திலிருந்து மாறினார், கடைசியாக எப்போது மலம் கழித்தார், எந்த மாத்திரை புதியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.