அரியர் வைத்த நாவல் தாள்: சைலஸ் மார்னர் படிக்கிறவர்களுக்கு

போன வாரம் ரிசல்ட் வந்தது. முதல் தடவை 36 வாங்கி அரியர் வைத்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் தாளில் இப்போது 67. பெரிய மார்க் இல்லைதான், ஆனால் எனக்கு இது போதும். இரண்டு தேர்வுக்கும் நடுவில் நான் புதிதாக எதையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒரே ஒரு தப்பைத் திருத்திக்கொண்டேன். எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்குத் தாளின் அமைப்பு தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு தடவையும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' நாவலில் செல்வமும் மகிழ்ச்சியும். முதல் தடவை கைக்குக் கை மாறி வந்த நோட்ஸில் இருந்தபடி எழுதினேன். நெசவாளி சைலஸ் கஞ்சன், அவன் சேர்த்த தங்கம் திருடு போகிறது, குழந்தை வருகிறது, அவன் பணத்தை வெறுத்து அன்பைத் தேர்ந்தெடுக்கிறான். நான்கு பக்கம்.

அந்த "வெறுத்து"தான் தப்பு. நாவலில் அப்படி நடக்கவே இல்லை. 19-ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். திருடு போய் 16 வருஷம் கழித்து, கல்குழியில் தண்ணீர் வற்றி, அதைத் திருடிய டன்ஸ்டனின் எலும்புக்கூட்டோடு தங்கமும் கிடைக்கிறது. அன்று இரவு சைலஸ் அதைத் தூக்கி எறியவில்லை. மேஜைமேல் பழைய மாதிரியே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். "இந்தப் பணம் இப்போது என்னைப் பிடிப்பதில்லை" என்று தான் வளர்த்த எப்பியிடம் சொல்கிறவன், "நீ இல்லாமல் போனால் மறுபடி பிடித்துவிடுமோ" என்றும் பயப்படுகிறான். உனக்குத் தேவைப்படும் வரைக்கும் அது பத்திரமாக இருந்திருக்கிறது என்கிறான். பணம் கெட்டது என்று சொல்ல வந்த நாவல் இது இல்லை. மனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பணம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இதில் இருக்கிறது.

ஏன் உட்கார்ந்தது என்பதையும் எழுதுங்கள். அவன் முன்பு இருந்த சிறு கிறிஸ்தவ சபையான லேன்டர்ன் யார்டில் நண்பனே அவன்மேல் திருட்டுப் பழி போட்டான். சீட்டுக் குலுக்கிப் போட்டு அவனைத் திருடன் என்று தீர்த்தார்கள். கட்டிக்கொள்ள இருந்த பெண் அந்த நண்பனையே கட்டிக்கொண்டாள். அதன்பிறகு அங்கிருந்து கிளம்பி, ரேவலோ ஊரில் 15 வருஷம் தறி, தறி, தறி. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தண்ணீர்ப் பானை வருகிறது. 12 வருஷம் துணையாக இருந்த பானை உடைந்ததும் துண்டுகளைச் சேர்த்துப் பழைய இடத்திலேயே நிறுத்தி வைக்கிறான். கஞ்சன் செய்கிற வேலையா இது? பாசம் வைக்க ஆள் இல்லாதவன் செய்கிறது. என் விடையை நான் இந்தப் பானையில் ஆரம்பித்தேன். பானை, தங்கம், குழந்தை: மூன்றையும் கோத்தால் விடை தானாக நடக்கும். என் ஒரே உத்தி இதுதான். கருத்தைப் பிடிக்காதீர்கள், பொருளைப் பிடியுங்கள்.

எனக்கு இது எளிதாகப் பட்டதற்கு வீடும் ஒரு காரணம். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். எப்பி ஓடிவிடாமல் இருக்க அவளை நீளமான துணியால் தறியோடு கட்டி வைப்பதும், அவள் கத்தரியால் துணியை வெட்டிவிட்டு வெளியே ஓடுவதும் 14-ஆம் அத்தியாயத்தில் வரும். என்னை அம்மா பழைய சேலைக் கிழிசலால் தறிக்காலில் கட்டி வைத்திருக்கிறார். முதல் தடவை அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. நோட்ஸில் அது இல்லை.

சரி, வேகமாகச் சில:

- 2, 4, 5, 12, 14, 19, 20 அத்தியாயங்களை மூலத்திலேயே படியுங்கள். ரெயின்போ விடுதிப் பேச்சு (6) ஒரு தடவை போதும்.
- விடையில் மூன்றில் ஒரு பங்காவது எப்பியின் உண்மையான அப்பா காட்ஃப்ரி காஸுக்குக் கொடுங்கள். சொத்து, நல்ல மனைவி எல்லாம் இருந்தும் பெற்ற பெண்ணைத் தன்னுடையவள் என்று சொல்லாதவன். நழுவிப்போன வருஷங்களைப் பணக் கடன் மாதிரி வட்டி கொடுத்து அடைக்க முடியாது என்று 20-இல் அவனே உணர்கிறான்.
- குழந்தையை வளர்க்கச் சைலஸுக்கு உதவும் ஊர்ப் பெண் டாலி வின்த்ரோப்பை விடாதீர்கள். ஒரு பத்தி போதும்.
- நாவலின் முகப்பில் உள்ள கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வரிகளை எழுதினால் பிழையில்லாமல் எழுதுங்கள்.
- கடைசியில் சைலஸ் லேன்டர்ன் யார்டுக்குத் திரும்பிப் போகிறான், அங்கே தொழிற்சாலை நிற்கிறது. அந்தப் பழிக்குப் பதிலே கிடைப்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அப்புறம் படிக்கிற விதம். எனக்கு உட்கார்ந்து படிக்க வராது. தீபாவளி நேரத்தில் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் வேண்டும், தேர்வோ அதை ஒட்டியே வரும். அத்தியாயங்களை நானே வாசித்து போனில் பதிந்து, ராட்டை சுற்றிக்கொண்டே கேட்டேன். ஒவ்வொன்றும் நான்கைந்து தடவை காதில் விழுந்தது. மௌனமாகப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவருமா என்று சொல்ல முடியவில்லை. கை வேலையோடு படிக்கிறவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தினமும் சைலஸ் என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு, "யாரும்மா அந்த ஆளு?" என்றார். கதையைச் சொன்னேன். தங்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வயசான பிறகும் தறி ஓட்டினானா?" என்றுதான் கேட்டார். 16-ஆம் அத்தியாயத்தில் பதில் இருந்தது: நூல் நூற்பது குறைந்துகொண்டே வந்தது, நெசவும் குறைந்துபோனது. அப்பா தறி நாடாவை நிறுத்திவிட்டு, "அங்கேயும் அப்படித்தானா" என்றார். மூன்று தறி இருந்த வீட்டில் இப்போது ஒன்றுதான் ஓடுகிறது.

விடையின் கடைசிப் பத்தியாக அதையே எழுதினேன். தறி வேலையும் குறைந்து, தங்கமும் திரும்பி வராத வருஷங்களில்தான் சைலஸ் சந்தோஷமாக இருந்தான் என்று. எழுதி முடித்தபோது அடுத்த கேள்விக்கு இருபது நிமிடம்தான் மிச்சம் இருந்தது. நீங்கள் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.